ஆல்பத்தில் வைத்த ஜன்னல்

1

சென்ற கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், என் கைபேசி தானாகவே ஒரு படத்தை எடுத்து நீட்டியது. மூன்று வருடத்துக்கு முன் இதே நாள் என்று மேலே எழுதி, சுற்றிலும் பலூன் வேறு பறக்கவிட்டிருந்தது. படத்தில் நான் பட்டுப்புடவையில் நிற்கிறேன். பக்கத்தில் என் சீனு அண்ணாவும் அண்ணியும். எங்களுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், வெளிர் மஞ்சள் திரைச்சீலை, அதற்கு அப்பால் நீல வானம், ஒரு தென்னை மரத்தின் தலை. மண்ணிவாக்கத்தில் நானும் அண்ணாவும் கூட்டாக வாங்கிய ஃபிளாட்டின் கிரகப்பிரவேசப் படம் அது.

அந்த இடத்தில் ஜன்னல் கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஜன்னல் வைக்கச் சுவரே இல்லை. மூன்று வருடமாக இதை வெளியே சொல்லாமல் இருந்தேன். இப்போது ஊருக்கே எழுதிச் சொல்கிறேன்.

அதே நாள் மாலை என் மகள் நிலா பள்ளியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். இங்கே மெல்பர்னில் வீட்டு வாடகையும் விலையும் ஏறிக்கிடக்கின்றன. பேப்பரைத் திறந்தால் அதே பேச்சுதான். பள்ளியிலும் அதையே விடுமுறை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தார்கள். வீட்டு நெருக்கடிக்கு யார் காரணம்? ஐந்து கட்டங்கள்: வங்கிகள், அரசு, கட்டுமான நிறுவனங்கள், முதலீட்டாளர்கள், குடியேறிகள். மொத்தம் நூறு மார்க். யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட வேண்டும்.

நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, "அம்மா, நீயும் இதில் இருக்கிறாய், ஐந்தாவது கட்டம்" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

2

நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவிச் சுத்தப்படுத்தி, தட்டில் அடுக்கி அனுப்பும் பிரிவில் வேலை. கத்தரி, இடுக்கி, ஊசி எல்லாம் எண்ணி, பார்த்து, துணியில் சுற்றி, மேலே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டில் அடுக்கியவர் பெயர், நேரம், கையெழுத்து. உள்ளே ஒரு இடுக்கி துருப்பிடித்திருந்தால், அரை மணி நேரத்தில் என் மேலதிகாரி அந்தச் சீட்டோடு என் முன்னால் வந்து நிற்பார். ஒரு தடவை நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு நான் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. வேலையில் மட்டும்தான் அந்த ஒழுக்கம் என்பது பின்னால் தெரிய வந்தது, அதற்கு வருகிறேன்.

எங்கள் பிரிவில் லிண்டா என்று ஒருத்தி. தங்கமானவள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக்கொண்டு வந்தவள். தேநீர் இடைவேளையில் தன் மகனுக்கு வீடு கிடைக்காத கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "தப்பா நினைக்காதே மாலா, வெளியே இருந்து இத்தனை பேர் வந்தா விலை ஏறத்தானே செய்யும்" என்றாள். நான் அவளிடம் கேட்டேன்: "லிண்டா, நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏஜெண்ட் வந்து என் அடுப்பு சுத்தமா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். நான் எந்த வீட்டு விலையை ஏற்றினேன், சொல்?" அவள் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

சரி, இங்கேதான் இப்படி, நம் ஊரில் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. சீனு அண்ணா இரும்புலியூரில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, இப்போது மூன்று மாடி வீடும் ஒரு ஹார்டுவேர் கடையும் வைத்திருக்கிறார். போன தடவை போயிருந்தபோது வாசலில் நிறுத்தி என்னிடமே சொன்னார்.

"இந்த ஏரியா ரேட்டைக் கெட்த்ததே உங்கள மாதிரி ஃபாரின்காரங்கதாம்மா. கேக்கற வெலைக்கு வாங்கிகினு பூட்றீங்க. அப்பால இங்க கீறவன் இன்னா பண்ணுவான்?"

"அந்த விலையைக் கேட்டது யாரு சார்?" என்றேன். அவர் மோட்டார் சுவிட்சைப் போடப் போய்விட்டார்.

ஆக, அங்கேயும் நான்தான், இங்கேயும் நான்தான். இங்கே நானும் அங்கே அண்ணாவும் வாடகை கொடுத்துக்கொண்டு, இரண்டு நாட்டு வீட்டு விலையையும் ஏற்றிய பெருமை எனக்கு.

3

இனி கிரகப்பிரவேசம்.

மூன்று வருடத்துக்கு முன் டிசம்பரில் ஊருக்கு வந்தேன். இங்கே அப்போதுதான் கோடை விடுமுறை. நிலாவுக்குப் பள்ளியின் கடைசி வாரத்தை வெட்டிவிட்டு ஓடி வந்தும், கையில் இருந்தது கார்த்திகையின் கடைசி ஐந்து நாட்கள்தான். அதன் பிறகு மார்கழி. பால் காய்ச்ச முடியாது. தை பிறப்பதற்குள் நான் விமானம் ஏறியாக வேண்டும்.

வந்த மறுநாள் அண்ணா பைக்கில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணீர் வடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கட்டடத்துக்குள் போக, சேற்றில் பலகை போட்டிருந்தார்கள். எங்கள் ஃபிளாட் இரண்டாவது மாடி. மேல் தளம் அப்போதுதான் போட்டிருந்ததால், அதைத் தாங்கிச் சவுக்கு முட்டுகள் வரிசையாக நின்றன. வெளிச்சுவர் இடுப்பு உயரம். ஆனால் வாசல் நிலை வைத்திருந்தார்கள். நிலையில் கதவு இருந்தது, கதவில் பூட்டு இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவர் இல்லை. நிலா கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், உள்ளிருந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

அண்ணா தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அளந்துதான் பேசுவார். "வேணாம் மாலா. சுவராவது வரட்டும். அடுத்த வருஷம் நிதானமா வச்சுக்கலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் லீவு கிடைக்குமான்னு யாருக்குத் தெரியும்? பாலைக் காய்ச்சிட்டா வேலை தன்னால சூடு பிடிக்கும்ணா" என்றேன். இதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

கட்டடம் கட்டும் கம்பெனியின் ஆபீஸில் பிரவீன் என்று ஒரு இளைஞர், டை கட்டியவர். அவருக்கு எங்களைவிட உற்சாகம். "தாராளமா பண்ணுங்க மேடம். அன்னைக்கு ஆறு ஃபேமிலி பண்றாங்க. பசு, கன்னுக்குட்டி எல்லாம் நாங்களே அரேஞ்ச் பண்ணிட்டோம். ஒரே ஒரு சைன் மட்டும் இதுல போட்டுட்டு சாவியை வாங்கிக்கோங்க" என்று ஒரு நோட்டை நீட்டினார். மேலே என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. நல்ல நேரம் தப்பிவிடக் கூடாதே என்ற பரபரப்பு. போட்டேன்.

கைப்பிடி இல்லாத படியில் பசு ஏற மறுத்துவிட்டது. அதற்கு மட்டும்தான் அன்றைக்கு அங்கே புத்தி இருந்தது. "கிரவுண்ட் ஃப்ளோர்ல நின்னாலே பில்டிங் முழுக்கச் சேரும் மேடம்" என்றார் பிரவீன். புரோகிதர் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றுமுற்றும் பார்த்து, "சுவத்துல பொட்டு வைக்கணுமேம்மா" என்றார். கடைசியில் சவுக்கு முட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டி, பால் பொங்கியது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். சொந்த வீடு என்று சொல்ல அவர் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் படத்தில் ஜன்னல் வைக்கச் சொல்லும் புத்தி எனக்குப் பின்னால் வந்தது.

சாவியை அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்ததற்கு எந்த நோட்டிலும் கையெழுத்து இல்லை.

4

அன்றைக்கு ஆறு வீட்டுக்கும் படம் எடுத்தவர் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரமேஷ். ஆல்பம் போடும் முன் கூப்பிட்டுக் காட்டினார்.

"அக்கா, மூஞ்செல்லாம் சூப்பரா வந்துக்கீது. பின்னாடிதான் முட்டுக் கம்பா நிக்குது. இன்னா பண்லாம்?"

அதைப் பார்த்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சாரத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போல இருந்தோம். இதை அண்ணி தன் தங்கைகளிடம் எப்படிக் காட்டுவார்? நான் மெல்பர்னில் யாரிடம் காட்டுவேன்?

"பின்னாடி ஒரு ஜன்னல் வைக்க முடியுமா ரமேஷ்?"

"ஜன்னலு இன்னா, கர்ட்டனே போட்டுக் குட்த்துர்றேன்."

போட்டுக் கொடுத்தார். சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னல் வைத்து, வெயில் கூட உள்ளே விழுந்தது. அண்ணி அந்தப் படத்தைப் பெரிதாக்கி இரும்புலியூர் வீட்டு ஹாலில் மாட்டினார். பிரவீன், "எங்க பேஜ்ல போட ஒரு நல்ல போட்டோ அனுப்புங்க மேடம்" என்று கேட்டபோது, அதையே அனுப்பினேன். நன்றி சொல்லி இரண்டு பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

5

அந்தத் தையிலேயே வேலை நின்றது. முட்டுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், திரும்ப வரவில்லை. சுவர் அதே இடுப்பு உயரத்தில் நிற்கிறது. மழைக்கு ஒரு தடவை, வெயிலுக்கு ஒரு தடவை என்று கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் வங்கி கடன் முழுவதையும் கம்பெனிக்குக் கொடுத்து முடித்திருந்தது. வேலை எவ்வளவு முடிந்ததோ அவ்வளவுக்குத்தான் பணம் போகும் என்று கடன் வாங்கும்போது சொன்னார்கள். எப்படிப் போனது என்று கேட்டால், விதிப்படிதான் போனது என்றார்கள்.

அண்ணா ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் தவணை என்று கட்டினார். நானும் அனுப்பினேன். இந்த வருடம் அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இங்கே என் கணவர் கணேசனுக்குக் கிடங்கில் வேலை நேரம் பாதியானது. மூன்று தவணை தவறியது. வங்கியிலிருந்து வசூலுக்கு ஆள் வர ஆரம்பித்தார், முதலில் வீட்டுக்கு, பிறகு பள்ளிக்கு.

ஃபிளாட் வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து ரியல் எஸ்டேட் ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தோம். கம்பெனி பதில் போட்டது. புகார் கொடுத்தவர்கள் சாவி பெற்றுக்கொண்டு, கிரகப்பிரவேசம் நடத்தி, மகிழ்ச்சியுடன் வீட்டைச் சுவாதீனம் எடுத்துவிட்டார்கள். எனவே தங்கள் பொறுப்பு முடிந்தது. ஆதாரம் ஒன்று, நோட்டில் என் கையெழுத்து. ஆதாரம் இரண்டு, மஞ்சள் திரைச்சீலைக்கு முன்னால் நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம்.

நிலாவின் தாள் வந்த மறுநாள் அண்ணா கூப்பிட்டார்.

"மாலா, நான் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"எதுலண்ணா?"

"சமாதான லெட்டர்லதான். வீட்டை எடுத்துக்கிட்டோம், மீதி வேலையை நாங்களே பார்த்துக்கறோம்னு எழுதிக் குடுத்தா, பத்திரத்தைக் குடுத்துடறோம்னு கம்பெனியில சொல்றாங்க. கேஸை வாபஸ் வாங்கணும். வந்த விலைக்கு வித்துக் கடனை அடைச்சுட்டு, தொல்லை விட்டுச்சுன்னு போயிடலாம்."

"சுவர் இல்லாததை வீடுன்னு எழுதிக் குடுக்கணுமா?"

"நீ அங்க இருந்துகிட்டு வீரம் பேசலாம். ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நிக்கறவனுக்கு நான்தானே பதில் சொல்லணும்? பத்தாவது பசங்க எட்டிப் பாக்கறாங்கம்மா. முப்பது வருஷமா அவங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த மூஞ்சி இது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஏழு கடல் தாண்டி இருக்கிறேன். என் வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. "நாலு நாள் பொறுங்கண்ணா" என்று மட்டும் கெஞ்சினேன். பொங்கலுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

6

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஃபிளாட் வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரிய ஃபைல் வந்தது. புகாரை நடத்தும் எங்கள் வழக்கறிஞர் கேட்டு வாங்கிய, வங்கியின் கடன் கோப்புகளின் நகல். என் வேலை இடைவேளையில் அதைத் திறந்தேன். கடைசித் தொகையை விடுவிப்பதற்கு முன், ஒரு பொறியாளர் கொடுத்த சான்று இருந்தது. நேரில் பார்வையிட்டேன், பூச்சு, ஜன்னல், தரை வேலை முடிந்தது என்று எழுதி, கையெழுத்து, முத்திரை. நேரில் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு படம் ஒட்டியிருந்தது. எங்களை வெட்டிவிட்டு, ஜன்னலை மட்டும் வைத்திருந்தார்கள். என் ஜன்னல்.

அவர் அந்தப் படியில் ஏறவே இல்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார். கம்பெனி கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார், அவர் கொடுத்ததை வங்கி வாங்கிக்கொண்டது. ஒருவர்கூடத் தாம்பரத்தில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த கோப்பைத் திறந்தேன். முதல் மாடி, லலிதா மேடம் ஃபிளாட். அதிலும் மஞ்சள் திரைச்சீலை. அடுத்தது எங்கள் மாடியிலேயே எதிர் ஃபிளாட். அதே ஜன்னல், அதே வானம். அடுத்தது தரைத்தளம். தரைத்தளத்து ஜன்னலுக்கு வெளியேயும் அதே தென்னை மரத்தின் தலை தெரிகிறது. அன்றைக்குப் பூஜை செய்த ஆறு வீட்டுக்கும் ஒரே ஜன்னல்.

கருவிகளை அடுக்கும் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன். லிண்டா ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

வெளியே வந்து ரமேஷுக்குப் போன் போட்டேன்.

"இன்னாக்கா, மூணு வருஷம் கழிச்சு?"

"ரமேஷ், எல்லாருக்கும் ஒரே ஜன்னலா வச்சே?"

"எங்கைல இருந்ததே அந்த ஒரு ஜன்னலுதாங்க்கா. எம் மச்சான் வூடு, அனகாபுத்தூர்ல. தென்ன மரம்கூட அவுங்களுது. ஏன், எதுனா பேஜாராய்ட்ச்சா?"

"எடிட் பண்ணாத ஒரிஜினல் இருக்கா?"

"ஹார்ட் டிஸ்க்ல அப்டியே கீது, தேதியோட."

"அதைக் குடுத்து, என்ன பண்ணேன்னு எழுதியும் குடுப்பியா?"

"குடுக்கறங்க்கா. நான் இன்னா திருடுனனா? கேட்டாங்க, வெச்சேன். வேணும்னா அவுங்கள எம் மச்சான் வூட்டுக்கே இட்டுகினு வாங்க, ஜன்னல காட்றேன்."

அந்த ஃபைல் குழுவுக்கு வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக ஒரு வணக்கம் போட்டால் முப்பது வணக்கம் வரும் குழு அது. எனக்கு அந்த மௌனம் புரிந்தது. ஆறு வீட்டிலும் அந்த ஆல்பம் இருக்கிறது. ஆறு பேரும் சொந்தபந்தங்களிடம் காட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் ரமேஷிடம் தனித்தனியாகப் போய், முட்டுகளை மறைத்துவிடு என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது யாராவது வாயைத் திறந்தால் எல்லார் ஜன்னலும் போய்விடும். திறக்காவிட்டால் வீடே போய்விடும்.

ரமேஷ் அனுப்பிய அசல் படத்தைக் குழுவில் போட்டேன். முட்டுக் கம்புகளுக்கு நடுவில் நான், அண்ணா, அண்ணி. கம்புகளில் குங்குமம். பின்னால் சுவர் இல்லாமல் மழை மேகம். கீழே எழுதினேன்: "இதுதான் எங்கள் வீடு. ஆல்பத்தில் ஜன்னல் வைக்கச் சொன்னது நான். படிக்காமல் நோட்டில் கையெழுத்துப் போட்டதும் நான். நூற்றில் ஐந்து மார்க் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். மீதி தொண்ணூற்றைந்தை என் தலையில் கட்ட யாரையும் விடமாட்டேன்."

அரை மணி நேரம் கழித்து லலிதா மேடம் தன் படத்தைப் போட்டார். அவர் ஹாலுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு பால் காய்ச்சியிருந்தார். பிறகு எதிர் ஃபிளாட். பிறகு தரைத்தளம், சேற்றில் பசுவோடு. மாலைக்குள் மற்ற ஐந்து வீடும் வந்துவிட்டன. அண்ணா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. ஆறு நாள். அண்ணி எடுத்து, "ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் அந்த ஆல்பத்தைக் காட்டியிருக்காரும்மா. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்" என்றார். கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், நானும் விட்டிருப்பேன். இருந்தாலும் அந்த ஆறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

7

வழக்கறிஞர் என்னிடமிருந்து பிரமாணப் பத்திரம் கேட்டார். நடந்ததை எழுதி, இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். லீவு போட்டு, இரண்டு ரயில் மாறி, டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நீங்கள் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லையே. வேறு தாள் கொண்டுவாருங்கள், என் முன்னால் போடுங்கள்."

"நான்தான் போட்டேன். என் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே கையெழுத்து. நீங்களே ஒத்துப் பாருங்கள்."

"இருக்கலாம். ஆனால் நான் பார்க்கவில்லை."

ஒரு நாள் லீவு வீணாயிற்று. ரயிலில் திரும்பும்போது அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் திட்டு நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பொறியாளர் சொல்லியிருந்தால் போதும். வங்கியில் அந்தக் கோப்பை நகர்த்தியவர் சொல்லியிருந்தால் போதும். சாவி நோட்டை நீட்டியபோது நான் சொல்லியிருந்தால்கூடப் போதும். இத்தனை பேரில் ஒருவர் முரண்டு பிடித்திருந்தால், மண்ணிவாக்கத்தில் இன்றைக்குச் சுவர் இருந்திருக்கும், அல்லது கடனாவது இல்லாமல் இருந்திருக்கும். யார் காரணம் என்று நூறு பேர் நூறு விதமாகப் பேசுகிறார்கள். பேராசை, உலகப் பொருளாதாரம், வட்டி விகிதம், வந்தேறிகள். இருக்கட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேலை மேஜைதான். தட்டில் துரு இருந்தால் சீட்டைப் பார், பெயர் இருக்கும். எங்கள் கோப்பிலும் ஒவ்வொரு தாளிலும் பெயர் இருக்கிறது. பொத்தாம்பொதுவாகக் காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு யாரும் நழுவ முடியாது.

அடுத்த வாரம் மறுபடி போய், அந்தப் பெண்மணியின் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன், மனதாரச் சொன்னேன்.

நிலா தன் தாளை முடித்திருந்தாள். குழுவில் நான் எழுதிய ஐந்து, தொண்ணூற்றைந்து கணக்கை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. ஐந்து கட்டங்களுக்குக் கீழே ஆறாவதாக ஒன்றைக் கையால் வரைந்து, "பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதற்கு எவ்வளவு போட்டாள் என்று கேட்டேன். "அது என்னுடைய வீட்டுப்பாடம் அம்மா" என்று தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

8

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே காலை எட்டரை. அண்ணாவிடமிருந்து போன். ஆறு நாளுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் உடம்பு எப்படி, மழை உண்டா என்பதோடு முடிந்துவிடும். சமாதான லெட்டர் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலுக்கு நாலு நாள்தான் இருந்தது.

"வசூலுக்கு வர ஆளு காலையில வந்துட்டுப் போனான்" என்றார். குரலில் ஏதோ ஒரு மாற்றம். வகுப்பில் கடினமான கணக்கைப் போட்டு முடித்த பிறகு வரும் குரல்.

"ஐயோ. என்ன சொன்னான்?"

"வாசல்ல நின்னுகிட்டுச் சத்தம் போட ஆரம்பிச்சான். உள்ள வாப்பா, காபி சாப்பிடுன்னு கூப்பிட்டேன். வந்தான். ஹால்ல மாட்டியிருக்கற படத்தைப் பார்த்தான்."

"ஜன்னல் படத்தையா?"

"அது இப்ப அங்க இல்ல. போன வாரம் ரமேஷ் கடைக்குப் போயி, ஒரிஜினலைப் பெருசாப் போட்டு வாங்கிட்டு வந்தேன். அதே ஃப்ரேம்ல மாட்டியாச்சு. உங்க அண்ணிதான் ஸ்டூல் மேல ஏறி மாட்டினா."

நிலா என்ன என்று சைகையில் கேட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரொம்ப நேரம் பார்த்தான் மாலா. பாவம், நாப்பது வயசு ஆளு, அவனுக்கும் சம்பளம் இதுலதான். 'இன்னா சார் இது, முட்டு நிக்குது?'ன்னான். 'நீ எதுக்காகப் பணம் கேட்டு வந்தியோ அந்த வீடுதான். மூணு வருஷத்துக்கு முன்ன வேலை முடிஞ்சிடுச்சுன்னு சர்ட்டிஃபிகேட் குடுத்த வீடு. இதுல ஹால் எது, பெட்ரூம் எதுன்னு காட்டு, மூணு தவணையும் இப்பவே கட்டறேன்'னேன்."

"காட்டினானா?"

"எங்க காட்டுவான்? காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு, 'ஃபைல்ல ஜன்னலு இருந்துச்சே சார்'ன்னான்."

பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது.

"'அது எங்க வீட்டுப் பொண்ணு ஆல்பத்துல வச்ச ஜன்னல்ப்பா. அந்த அஞ்சு மார்க் எங்களுது, நாங்க குடுத்துடுவோம். மீதி தொண்ணூத்தஞ்சு யாருதுன்னு உங்க மேனேஜரைக் கேட்டு எழுதி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடறதா இல்ல'ன்னு சொல்லி அனுப்பினேன்."